நாட்டு நாய்க்குட்டியை வீட்டுக்குப் பழக்குவது: முதல் நாள் முதல் தீபாவளி வரை

மணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு இரண்டு மாதம்கூட நிரம்பியிருக்காது. ஐப்பசி மழையில் டீக்கடைப் பலகைக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தவனை என் மகள் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்தாள். செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளைக் கீற்று, வயிறு முழுக்கப் பூச்சி.

மூன்றாம் நாள் சோபா காலடியில் உச்சா போனான். எங்கள் தெருவில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். மூக்கை அந்த ஈரத்தில் தேய்த்து, செய்தித்தாளைச் சுருட்டித் தரையில் ஓங்கி ஒரு அடி. அன்றிலிருந்து தரையில் ஒரு சொட்டு இல்லை. ‘பாத்தியா, ஒரே நாள்ல பழக்கிட்டேன்’ என்று வீட்டில் பெருமை அடித்துக்கொண்டேன். ஒரு வாரம் கழித்துப் பெருக்குவதற்காகத் திவானை நகர்த்தினால், பின்னால் நாலு காய்ந்த திட்டு. வீட்டுக்குள் போகக் கூடாது என்று அவனுக்குப் புரியவே இல்லை. இந்த ஆள் கண்ணில் படும்படி போகக் கூடாது என்றுதான் புரிந்திருக்கிறது. அதனால் வெளியே கூட்டிப்போனாலும் என் எதிரில் போகமாட்டான். அதைச் சரிசெய்ய ஒரு மாதம் ஆனது.

அப்புறம்தான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டேன். நாய்க்கு எந்தச் செயலுக்குக் கூலி கிடைக்கிறதோ அதைத் திரும்பச் செய்யும். அந்தக் கூலி ஒரு துண்டுக் கோழியாக இருக்கலாம், ‘ஐயோ, விடு விடு’ என்று நாம் போடும் கூச்சலாகவும் இருக்கலாம். குட்டிக்கு இரண்டுமே லாபம்தான். கீழே சொல்லும் எல்லாமே, சரியான வேலைக்குக் கூலி கொடுப்பது, தப்பான வேலைக்குக் கூலியை நிறுத்துவது, அவ்வளவுதான்.

‘நாய்க்கு நீதான் தலைவன்னு காட்டணும்’ என்று யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள். அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷெங்கல் என்ற விலங்கியலாளர் 1947-இல் எழுதியதில் இருந்து கிளம்பிய எண்ணம் அது. 1970-இல் அதைப் பிரபலப்படுத்தியவர்களில் ஒருவரான டேவிட் மெக் என்ற ஆய்வாளரே, காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், குட்டிகள் சேர்ந்த குடும்பம்தான், அடிதடியில் ஜெயித்த தலைவன் ஆளும் கூட்டம் இல்லை என்று 1999-இல் எழுதிவிட்டார். குட்டியைக் கவிழ்த்துப் போட்டு அமுக்கிப் பிடிக்கும் வித்தையை விட்டுவிடுங்கள்.

முதல் வாரம்: ஊசி, மூலை, சொல்

முதல் வேலை கால்நடை மருத்துவர். பூச்சி மருந்து, பிறகு தடுப்பூசி. டிஸ்டெம்பர், பார்வோ போன்ற வைரஸ் நோய்களுக்கான கூட்டு ஊசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை போடுவார்கள். ரேபிஸ் ஊசி பொதுவாக 3 மாதத்தில். இது முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்கி நடத்தாதீர்கள். பார்வோ வந்தால் குட்டி பிழைப்பது கஷ்டம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஏறத்தாழ 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரைதான் குட்டியின் மனசு திறந்து கிடக்கிற காலம். அப்போது பார்த்த, கேட்ட விஷயங்கள் பிற்பாடு சாதாரணமாகிவிடும். அப்போது பார்க்காதவை பயமாகத் தங்கிவிடலாம். ஊசி முடியட்டும் என்று நாலு மாதம் அறைக்குள்ளேயே வைத்திருந்தால் அந்தக் காலம் போய்விடும். அதனால் தூக்கிக்கொண்டு போங்கள். கேட் அருகே பத்து நிமிடம் நின்றாலே போதும். ஆட்டோ, ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், ஒலிபெருக்கியில் வெங்காயம் விற்கும் வண்டி, எல்லாம் பார்க்கட்டும். வீட்டுக்குள் குக்கர் விசிலும் மிக்சியும். மணிக்கு மிக்சி என்றால் உயிர்பயம். கடைசி அறையில் அவனை வைத்துக்கொண்டு, அடுப்படியில் மிக்சி ஓடும்போதெல்லாம் வாயில் ஒரு துண்டு முட்டை போட்டோம். தினமும் இரண்டடி நெருங்கினோம். பத்தாம் நாள், மிக்சி ஓடினால் அவனாகவே அடுப்படி வாசலுக்கு வந்து உட்கார்ந்துகொண்டான்.

ஹாலில் ஒரு மூலையை அவனுடையதாக ஆக்குங்கள். பழைய போர்வை, தண்ணீர்க் கிண்ணம், கடிக்க ஒரு பொருள் போதும். அங்கே இருக்கும்போது குழந்தைகள் யாரும் போய்ச் சீண்டக் கூடாது. அடுப்படி வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு ப்ளைவுட் பலகை வைத்தால் பாதித் தலைவலி குறையும்.

அப்புறம் சொற்கள். எங்கள் வீட்டில் அம்மா ‘உக்காரு’ என்பார், மகன் ‘சிட்’ என்பான், மனைவி ‘உட்காருடா கண்ணா, சொன்னா கேக்கணும்’ என்று ஒரு வாக்கியமே சொல்வாள். குட்டிக்கு இவை மூன்றும் மூன்று சத்தம். வீட்டில் எல்லாரும் கூடி ஐந்து சொல் முடிவுசெய்து ஃப்ரிட்ஜில் ஒட்டினோம்: உக்காரு, இரு, வா, விடு, அவனுடைய போர்வைக்குப் போகச் சொல்ல ‘பாய்’. ஒரே வாரத்தில் ‘பாய்’ மாறிவிட்டது. விருந்தாளி வாசலில் நிற்கும்போது நாயைப் பார்த்து ‘பாய்!’ என்று நான் அதட்ட, அவர் செருப்பைக்கூட எடுக்காமல் இரண்டு படி இறங்கிவிட்டார். இப்போது அந்தச் சொல் ‘இடம்’.

பெயரைத் திட்டுவதற்குப் பயன்படுத்தாதீர்கள். ‘மணீ!’ என்ற அதட்டலுக்குப் பிறகு அடி விழுந்தால், நாளைக்குப் பெயரைச் சொல்லி அழைக்கும்போது அவன் ஏன் வரவேண்டும்?

கூலி என்ன, எப்போது

உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் வேகவைத்த கோழியைப் பிய்த்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டு வேர்க்கடலையில் பாதி அளவு போதும். சைவ வீடு என்றால் பனீர், வேகவைத்த கேரட். டீக்கு நனைத்துச் சாப்பிடும் பிஸ்கட் வேண்டாம், அதில் இருப்பது சர்க்கரையும் மைதாவும். கூலியாகக் கொடுத்த அளவை வேளைச் சாப்பாட்டில் குறைத்துவிடுங்கள்.

திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு, சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் சேர்த்த சூயிங்கம் எல்லாம் நாய்க்கு விஷம். பண்டிகை நாளில் பாயசத்தை வழித்து ஊற்றுபவர்கள் அதில் திராட்சை மிதப்பதைக் கவனிக்க வேண்டும்.

கூலியைவிட முக்கியம் நேரம். செய்து முடித்த ஓரிரு விநாடிக்குள் தெரியவேண்டும். டப்பாவைத் திறந்து எடுப்பதற்குள் அந்த நேரம் ஓடிவிடும். அதற்காக ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ‘சபாஷ்’. ‘சரி’ என்று வைக்காதீர்கள். வீட்டில் ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தச் சொல் விழும், ஒவ்வொரு தடவையும் நாய் திரும்பிப் பார்த்து ஏமாறும். முதலில் எதுவும் கேட்காமல் ‘சபாஷ்’ என்று சொல்லி ஒரு துண்டு. இப்படிப் பதினைந்து தடவை. அந்தச் சொல் கேட்டதும் உங்கள் கையைப் பார்த்தால் முதல் பாடம் ஆயிற்று.

ஒரு பாடம் மூன்று முதல் ஐந்து நிமிடம். ஒரு நாளைக்கு மூன்று தடவை, சாப்பாட்டுக்கு முன்னால், பசி இருக்கும்போது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் சேர்த்துச் செய்வது பயன்படாது.

உச்சா, கக்கா

வீட்டில் நாய் வளர்ப்பதா வேண்டாமா என்பதே பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தில்தான் தீர்மானமாகிறது. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

குட்டியின் வயதை மாதத்தில் எண்ணி ஒன்று கூட்டினால், அது அதிகபட்சம் தாங்கும் மணி நேரம் வரும். இரண்டு மாதக் குட்டி மூன்று மணி நேரம். இது தூங்கும்போதுதான். விழித்து விளையாடும்போது ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கூட்டிப்போக வேண்டும். தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்டுப் பத்து இருபது நிமிடத்தில், விளையாடி முடித்ததும், இரவு படுக்கும் முன்பு கட்டாயம். முதல் சில வாரம் நடுராத்திரி ஒருமுறை எழுந்தாக வேண்டும்.

ஒரு நோட்டில் நேரத்தை எழுதிவையுங்கள். எனக்கு முதலில் இது கிறுக்குத்தனமாகப் பட்டது. ஆனால் ஐந்து நாள் எழுதியதும் மணியின் கணக்கு கையில் வந்துவிட்டது. காலை சாப்பாடு முடிந்து பன்னிரண்டாம் நிமிடம் கக்கா, கடிகாரம் வைத்த மாதிரி.

இடம் ஒன்றாகவே இருக்கட்டும். தனி வீடு என்றால் கொல்லையில் ஒரு மரத்தடி. அடுக்குமாடி என்றால் பால்கனியில் மண் நிரப்பிய அகலமான தட்டு. முதல் நாள் உச்சாவைத் துடைத்த துணியை அங்கே போட்டுவையுங்கள், வாசனையே வழிகாட்டும். அங்கே கொண்டுபோய் நிறுத்தி ‘உச்சா’ என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். அப்புறம் பேசாமல், போனைப் பார்க்காமல் நில்லுங்கள். முடித்த பிறகு ‘சபாஷ்’, துண்டு. பாதியில் சொன்னால் பாதியிலேயே நிறுத்திவிட்டு உங்களிடம் ஓடிவரும், மீதி ஹாலில்தான். முடிந்ததும் உடனே உள்ளே இழுத்து வராதீர்கள். இரண்டு நிமிடம் மண்ணை மோந்து சுற்றட்டும். போனால் விளையாட்டு தீர்ந்துவிடும் என்று புரிந்துகொண்ட குட்டி அடக்கிக்கொண்டு நிற்கும்.

உள்ளே இருக்கும்போது அடையாளங்களைப் பாருங்கள். விளையாடிக்கொண்டிருந்தது திடீரென்று பாதியில் விட்டுவிடும். மூக்கு தரையில் ஒட்டும். ஒரே இடத்தைச் சுற்றும். மணி என்றால் இந்த நேரத்தில் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்ப்பான். அந்தப் பார்வைக்கும் உச்சாவுக்கும் இடையில் நாலு விநாடிதான் இருக்கும். அள்ளிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

நடுவில் பிடித்தால் சத்தமில்லாமல் தூக்கி வெளியே வைத்து, மீதியை அங்கே முடித்தால் பாராட்டுங்கள். முடிந்த பிறகு பார்த்தால் துடைப்பதைத் தவிர ஒன்றும் செய்வதற்கில்லை. ஐந்து நிமிடம் கழித்துத் திட்டினால் எதற்கு என்று அதற்குத் தெரியாது. ‘தப்பு செஞ்ச மூஞ்சி’ என்று நாம் சொல்வது, நம் குரலைக் கேட்டுப் பயந்த மூஞ்சி.

துடைப்பதிலும் விஷயம் இருக்கிறது. பினாயில் ஊற்றினால் வாசனை போய்விட்டது என்று நாம் நினைக்கிறோம். நாயின் மூக்குக்கு அடியில் இருப்பது இன்னும் தெரியும். முதலில் உறிஞ்சி எடுத்து, சோப்புத் தண்ணீரால் துடைத்து, பிறகு வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்துக் காயவிடுங்கள். மார்பிள் தரையில் வினிகர் வேண்டாம், கறை விழும். அங்கே செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் திரவம் நல்லது. அமோனியா கலந்த திரவம் எங்கும் வேண்டாம், அந்த வாடையே சிறுநீர் மாதிரி இருந்து திரும்ப அழைக்கும். கால்மிதிகளை ஒரு மாதம் சுருட்டிப் பரணில் போடுங்கள். மெத்தென்று உறிஞ்சும் எதுவும் குட்டிக்குக் கழிப்பறைதான்.

மழைக்காலம் தனிச் சோதனை. ஈர மண்ணில் கால் வைக்க மணிக்குப் பிடிக்காது. ஒரு கையில் குடை, ஒரு கையில் டார்ச், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி யோசித்துக்கொண்டிருக்கும் குட்டியைப் பார்த்து நிற்பது ஒரு தவம்.

ஆறு மாதத்துக்குள் பெரும்பாலான குட்டிகள் தேறிவிடும். நடுவில் இரண்டு நாள் சறுக்கினால் அட்டவணை தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு வாரம் பழையபடி மணிக்கொருமுறை போங்கள்.

பல்

குட்டிக்கு 28 பால்பல். மூன்றரை, நாலு மாதத்தில் விழத் தொடங்கி ஏழு மாதத்துக்குள் 42 பல் முளைத்துவிடும். இந்தக் காலத்தில் ஈறு குறுகுறுக்கும். வேட்டி நுனி, புடவைக் கரை, கணுக்கால், எதையும் விடாது.

கத்திக்கொண்டு ஓடினால் அதுதான் விளையாட்டு. எங்கள் வீட்டில் மகனைத்தான் அதிகம் கடித்தான், காரணம் அவன்தான் நன்றாக ஓடினான். பல் பட்டதும் மரம் மாதிரி நின்றுவிடுங்கள். கையைக் கட்டி, முகத்தைத் திருப்பி, பத்துப் பதினைந்து விநாடி. விட்டதும் கடிக்கக்கூடிய ஒரு பொருளைக் கொடுங்கள். விடவில்லை என்றால் பலகையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் அரை நிமிடம் நில்லுங்கள். முதல் சில நாள் கடி அதிகமாகும். இதுவரை கிடைத்த கூலி ஏன் நின்றது என்று அழுத்திக் கேட்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் கத்திவிட்டால் எல்லாம் திரும்ப முதலிலிருந்து.

கடிக்க ஃப்ரீசரில் வைத்த கேரட், நனைத்து முடிச்சுப்போட்டு உறையவைத்த டவல். வெந்த கோழி எலும்பு வேண்டாம், சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். ‘பழசுதானே’ என்று செருப்பைக் கொடுக்காதீர்கள். பழைய செருப்பு எது, நேற்று வாங்கியது எது என்று அதற்கு யார் சொல்வது?

விளையாட்டுக் கடியிலும் தோல் கீறினால் அலட்சியம் வேண்டாம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி அன்றே மருத்துவரிடம் போங்கள். தெருவிலிருந்து எடுத்த, ஊசி முடியாத குட்டி என்றால் இதில் யோசிக்கவே கூடாது.

உக்காரு, இரு, விடு, வா

துண்டை மூக்குக்கு நேரே பிடித்து, மெதுவாகத் தலைக்கு மேலே பின்னோக்கி நகர்த்துங்கள். மூக்கு மேலே போனால் பின்பக்கம் தானாகத் தரையில் அமரும். அமர்ந்ததும் ‘சபாஷ்’. முதுகை அமுக்க வேண்டாம். பத்துத் தடவைக்குப் பிறகு கையில் துண்டு இல்லாமல் அதே சைகை மட்டும் செய்து, அமர்ந்ததும் மறு கையிலிருந்து கொடுங்கள். சைகை பிடிபட்ட பிறகுதான் ‘உக்காரு’ என்ற சொல்லைச் சைகைக்குச் சற்று முன்னால் சேர்க்க வேண்டும். சொல்லை முதலிலேயே பத்துத் தடவை சொன்னால் பத்தாவது தடவைக்கு உட்கார்வதுதான் பழக்கமாகும்.

நாய்க்குச் சொல்லைவிடக் கை சீக்கிரம் புரியும். ராஜபாளையம் வளர்ப்பவர்களுக்கு இது இன்னும் உதவும். அந்த வெள்ளை நிறத்தோடு சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காமல் இருப்பதுண்டு. அடங்காப்பிடாரி என்று பெயர் வாங்கிய குட்டி உண்மையில் செவிடாக இருக்கலாம். பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள்.

‘இரு’ என்பதை விநாடிக் கணக்கில் வளருங்கள். ஒன்று, மூன்று, ஐந்து. நேரத்தையும் தூரத்தையும் ஒரே நாளில் கூட்டாதீர்கள். ‘விடு’ பழக்க, மூடிய கைக்குள் துண்டை வைத்துக் காட்டுங்கள். நக்கும், பிறாண்டும். ஒரு கணம் மூக்கை விலக்கியதும் ‘சபாஷ்’ சொல்லி மறு கையிலிருந்து கொடுங்கள். என்றைக்காவது கீழே விழுந்த மாத்திரையை மோப்பம் பிடிக்கும்போது இந்தப் பாடம் உயிரைக் காப்பாற்றும்.

‘வா’ என்று கூப்பிட்டு வந்த நாய்க்குக் கெட்டது எதுவும் நடக்கக் கூடாது. குளிப்பாட்ட வேண்டுமா, நீங்களே போய்ப் பிடியுங்கள். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை இனங்களைத் திறந்த வெளியில் ‘வா’வை நம்பி அவிழ்த்துவிட வேண்டாம். முயலோ பூனையோ கண்ணில் பட்டால் உங்கள் கோழித்துண்டுக்கு மதிப்பு இல்லை.

காலிங் பெல்

பெல் அடித்தால் குரைப்பது, வந்தவர் மேல் தாவுவது. நாய் வளர்க்கும் வீடுகளில் விருந்தாளிகள் குறைவதற்குக் காரணம் இதுதான்.

தாவும்போது நாம் கையால் தள்ளுகிறோம், முகத்தைப் பார்த்துப் பேசுகிறோம். தொடுதல், பார்வை, பேச்சு மூன்றும் கிடைத்துவிட்டது. நாலு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் கவனிப்பு என்பதை வீட்டில் உள்ளவர்கள் முதலில் கடைப்பிடிக்க வேண்டும். ஆபீஸிலிருந்து வரும் அப்பா மட்டும் ‘என் செல்லம்’ என்று தாவவிட்டால் முடிந்தது கதை.

பெல்லுக்குத் தனிப் பயிற்சி. முதலில் பெல் இல்லாமல், போர்வைக்கு அனுப்பி ‘இடம்’ என்று பழக்குங்கள். போர்வையில் கால் வைத்ததும் துண்டு போர்வை மேல் விழவேண்டும், உங்கள் கையிலிருந்து அல்ல. அது பிடிபட்டதும் ஒருவர் வெளியே போய் பெல் அடிக்க, உள்ளே இருப்பவர் உடனே ‘இடம்’ சொல்லி அங்கே நாலு துண்டு போடட்டும். கதவைத் திறக்கவே வேண்டாம். பத்துத் தடவை. மறுநாள் கதவைக் கொஞ்சம் திறந்து மூடுங்கள். அதற்கடுத்து வீட்டு ஆள் உள்ளே வரட்டும். கடைசியில்தான் வெளியாள். மணிக்கு மூன்று வாரம் பிடித்தது. இடையில் நிஜக் கூரியர்காரர் வரும் நேரங்களில் அவனை உள் அறையில் விட்டுவிட்டுத்தான் கதவைத் திறந்தோம். பழகாத பரீட்சைக்கு உட்காரவைத்துத் தோற்கடிப்பதில் என்ன லாபம்?

மற்றவை

சாப்பாட்டு நேரத்தில் இலையிலிருந்து ஒரு வாய்கூடக் கொடுக்காதீர்கள். பத்து நாளில் ஒரே ஒருமுறை பாட்டி இரக்கப்பட்டுப் போடும் வடைதான் மிச்சம் ஒன்பது நாள் கெஞ்சலுக்கும் காரணம். அம்மாவை இதில் என்னால் திருத்த முடியவில்லை. சமாதானமாக, சாப்பிட்டு முடித்த பிறகு மணியின் கிண்ணத்தில் வெறும் சோறும் தயிரும் போடும் உரிமை அம்மாவுக்கு.

நாய் சாப்பிடும்போது கிண்ணத்தைப் பிடுங்கிப் ‘பழக்கப்படுத்தும்’ ஆட்கள் உறுமும் நாயைத்தான் உருவாக்குகிறார்கள். பக்கத்தில் போகும்போதெல்லாம் கிண்ணத்தில் இன்னும் நல்லதாக ஒன்றைப் போட்டுவிட்டுப் போங்கள்.

நடைக்குப் போகும்போது வார் இறுகினால் நின்றுவிடுங்கள், தளர்ந்தால் நடங்கள். முதல் வாரம் பக்கத்து வீட்டைத் தாண்ட இருபது நிமிடம் ஆகும். கோடையில் தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அந்த ரோடு பாதத்தைப் பொசுக்கும்.

தனியாக விட்டுப்போவதை அரை நிமிடத்திலிருந்து தொடங்குங்கள். கிளம்பும்போதும் திரும்பும்போதும் கொஞ்சல் நாடகம் வேண்டாம்.

ஏழெட்டு மாதத்தில் எல்லாம் மறந்த மாதிரி நடக்கும். விடலைப் பருவம். பாடத்தைச் சுலபமாக்கி, கூலியை உயர்த்திக் கடத்துங்கள். கருத்தடைக்கு எது சரியான வயது என்று இந்தச் சமயத்தில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். நன்றாகப் பழகிய நாய் திடீரென்று உள்ளே உச்சா போனாலோ, தொட்டால் சீறினாலோ பயிற்சியைக் குறை சொல்லாமல் டாக்டரிடம் போங்கள். சிறுநீர்த் தொற்றோ எங்காவது வலியோ இருக்கலாம்.

தீபாவளி

இரண்டு மாதம் முன்னாலேயே தொடங்க வேண்டும். வெடிச்சத்தப் பதிவை போனில் மிகக் குறைந்த ஒலியில், காது அசைந்தும் பயப்படாத அளவில், சாப்பாட்டு நேரத்தில் ஓடவிடுங்கள். சில நாளுக்கு ஒருமுறை ஒரு புள்ளி கூட்டுங்கள். சாப்பிடுவதை நிறுத்தினால் கூட்டியது அதிகம் என்று அர்த்தம், குறையுங்கள்.

அன்றைக்கு நடையை நாலு மணிக்குள் முடியுங்கள். ஜன்னல் இல்லாத, அல்லது ஜன்னலைப் போர்வையால் மூடிய உள் அறை, மின்விசிறி, டிவி சத்தம். கட்டிலுக்கடியில் போனால் இழுக்காதீர்கள். உங்களிடம் ஒட்டிக்கொண்டால் அணைத்துக்கொள்ளுங்கள், அணைத்தால் பயம் வளரும் என்பது சும்மா. நடுக்கம் மிக அதிகம் என்றால் முந்திய வாரமே டாக்டரிடம் மருந்து கேட்கலாம். நீங்களாக எதையும் கொடுக்க வேண்டாம். பயத்தில் ஓடித் தொலையும் நாய்கள் பல. கழுத்துப்பட்டையில் உங்கள் போன் எண் இருக்கட்டும். மதியமே ஒருமுறை கேட் கொண்டியை இழுத்துப் பாருங்கள். எங்கள் கேட்டில் இரண்டாவது கொண்டி வந்தது மணியின் முதல் தீபாவளிக்கு மறுநாள்.